திரைக்குப் பின்னால் பார்த்த பரு

மருந்துக்கடைத் தமிழ்செல்வன் நாகராசுவுக்குத் தர வேண்டியது இருபத்தோராயிரத்து நானூறு ரூபாய். ஆனால் அன்று நாகராசு கடனைத் திருப்பிக் கேட்டு வரவில்லை. கடைக்குள் திரைக்குப் பின்னால் போய்க் கைலியை விலக்கினான்.

"உறுப்புக்கு மேல ஒரு பரு, மாப்ள. ஹெர்பிஸ்ங்கிற பொம்பளச் சீக்கா இருக்குமோ?"

தமிழ்செல்வன் டார்ச் அடித்துப் பார்த்து உச்சுக்கொட்டினான். "அதேதான்டா. எங்கிட்டுப் போயிட்டு வந்தே?"

"மீமிசல்ல ஒரு தடவதான்டா. வீட்டுல செவந்திக்குத் தெரிஞ்சா நாண்டுக்குவா."

"சாகுறவரைக்கும் போகாது. பொண்டாட்டி பக்கத்துல படுத்துறாத. டாக்டர்ட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிரும். மாத்திரை நான் தாரேன்."

மறுநாள் நாகராசு கடனுக்கு எழுதி வாங்கிய புரோநோட்டைக் கொண்டுவந்து, தமிழ்செல்வன் வாயை மூடிக்கொள்வதற்காக அவன் கண்முன்னே கிழித்துப் போட்டான். மாத்திரைக்கும் காசு கொடுத்தான்.

அவன் தலை மறைந்ததும், தமிழ்செல்வன் சத்து மாத்திரை டப்பாவை அலமாரியில் திரும்ப வைத்தான். அது சவரம் செய்த இடத்தில் மயிர் உள்ளே சுருண்டு வந்த வெறும் பரு. ரெண்டு நாளில் தானாக அமுங்கிவிடும்.

கிழிந்த துண்டுகளைக் கூட்டித் தெருவில் தள்ளினான்.