அந்நியத்துப் பெண்

“அந்நியத்துல பொண்ணெடுக்காதேன்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டானா?”

விழுப்புரம் கிளினிக்கில், மருமகள் சங்கவியின் காதுபடவே பொரிந்தாள் அம்சா. “திண்டிவனத்துல எங்க அண்ணன் பொண்ணு இன்னும் இவனுக்காகக் காத்துக்கினு இருக்கா, டாக்டர். இவளுக்குப் புள்ள பொறக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்தக் கல்யாணத்த ஜல்தியா முடிச்சிடறோம்.”

மகன் ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

“சங்கவிக்கு எந்தக் குறையும் இல்லம்மா” என்றார் டாக்டர். “உங்க மகனுக்குத்தான் விந்து வர்ற குழாய் பிறவியிலேயே உருவாகல. பரம்பரைக் குறை. உங்ககிட்டேருந்தும் அவங்க அப்பாகிட்டேருந்தும் சேர்ந்து வந்திருக்கு. வைத்தியம் இருக்கு, பயப்படாதீங்க. ஆனா நெருங்கின சொந்தத்துல கட்டினா இதுக்கு வாய்ப்பு அதிகம். உங்க வீட்டுக்காரர் உங்களுக்குச் சொந்தமா?”

அம்சா முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“ரொம்ப தூரத்து சொந்தம்தாங்க” என்றாள் சங்கவி, மாமியாருக்காக.

“இல்ல டாக்டர், எனக்காகப் பொய் சொல்லுது இந்தப் பொண்ணு.” அம்சா தரையைப் பார்த்தபடி முனகினாள். “எங்கம்மா கூடப் பொறந்த தம்பியத்தான் நான் கட்டிக்கினேன்.”