டேப் ரிக்கார்டர் பாடம்

மாரமங்கலம் பள்ளியில் பயிற்சி ஆசிரியை அமுதவல்லி, டேப் ரிக்கார்டரில் ஒரு சிறுமி வாசித்த மிளகுக்கொடிப் பாடத்தை ஓடவிட்டிருந்தாள். அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட வந்த அதிகாரி கனகசபை ரசித்துக் கேட்டார்.

“ரேடியோவுல புடிச்சதாம்மா? அந்தப் பொண்ணு நொம்ப நல்லாப் படிக்குது. ஆனா, உங்க கடைசி பெஞ்சுப் புள்ள வாயே தொறக்கலையே. அதுக்கு உங்களுக்கு மார்க் கொறையும்.”

“அவ கண்ணாயிங்க சார். பேசுனா மத்தவங்க சிரிப்பாங்கன்னு பயம். டேப்பு இன்னும் கொஞ்சம் ஓடட்டுங்க.”

பாடம் முடிந்ததும் டேப்பில் அதே குரல், “படிச்சு முடிச்சுட்டனுங்க டீச்சர்” என்றது. அடுத்து அமுதவல்லியின் குரல்: “நல்லாப் படிச்ச கண்ணாயி. ஊட்டுக்குப் போ கண்ணு.”

வகுப்பே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

முகத்தை மூடியிருந்த கைகளைக் கண்ணாயி மெல்ல விலக்கினாள்.

“இன்னொருக்கா போடுங்க டீச்சர்.”