பதினோராவது முறை

மில் மேலாளர் கோமளவல்லி கணினித் திரையில் இருந்த தொழிலாளிப் பெண்ணிடம் பதினோராவது முறையாக அதே செய்தியைச் சொல்லத் தொடங்கினாள். புது இயந்திரங்கள் வருவதையும் சிலர் வேறு மில்லுக்கு மாறவேண்டியதையும் தொழிலாளர்களிடம் சொல்லிப் பழக, நிர்வாகம் தந்த செயற்கை நுண்ணறிவுப் பெண் அவள். பத்து முறையும் கோபித்துப் போயிருந்தாள். இம்முறை கோமளவல்லி குறிப்புத் தாளை மடித்துவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க" என்றாள். "அப்பச் சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள் திரைப்பெண். கோமளவல்லி படிகளில் தாவி இறங்கி நூற்புக் கூடத்துக்கு ஓடினாள். மூத்த தொழிலாளி ராமாத்தாள் இயந்திரத்தை நிறுத்தினாள். "மெசின் வர்றது தெரியுமுங்க மேடம். நீங்களே வந்து சொல்லோணும்னுதான் காத்திருந்தோம். யார் யாரை மாத்தறாங்க?" நாற்பது பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். கோமளவல்லி முதலில் தன் பெயரைச் சொன்னாள்.