விட்டுப்போன தரை

நாலு தடவை பார்த்துவிட்டான். சுவருக்கு அறுநூறு வாட். கூரைக்கு இருநூற்று ஐம்பது. தரைக்குப் பூஜ்யம்.

அவன் போட்ட கணக்குதான். கீழே அவன் கையெழுத்துதான்.

லே நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில், குல்லாயைக்கூடக் கழற்றாமல், மடியில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மலைமேல் சாலை போடுகிறவர்கள் தங்க ஒரு குடில். வெளியே மைனஸ் இருபது. உள்ளே பதினைந்து டிகிரியாவது இருக்க வேண்டும். சுவர், கூரை, தரை வழியாக எவ்வளவு சூடு வெளியே போகும் என்று பார்த்து, அதற்கேற்ற ஹீட்டரை எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்குப் போய் இன்ஜினியர் படிப்பு வேறு.

சுவருக்கும் கூரைக்கும் நாலு அங்குலத் தெர்மாகோல் வைக்கச் சொன்னான்.

தரையை மறந்தே போனான்.

பரமக்குடியில் பிறந்தவனுக்குத் தரை என்றால் என்ன? சித்திரை வெயிலில் தண்ணீர் தெளித்து, வெற்றுடம்போடு கவிழ்ந்து படுக்கிற இடம். அது ஆளைக் கடிக்கும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

இப்போது பென்சிலால் போட்டுப் பார்த்தான். சுவரும் கூரையும் சேர்ந்து விடுகிற சூட்டைவிடத் தரை ஒன்றே அதிகம் விடுகிறது. அவன் எழுதிக் கொடுத்த ஹீட்டர் பாதிக்குக்கூடக் காணாது.

அடப் பாவி!

அந்தத் தரையில்தான் சோணைமுத்து படுத்திருக்கிறார். கமுதிக்காரர், கான்கிரீட் போடுகிறவர். தூக்கத்தில் போர்வை விலகி, வலது கால் வெறும் பலகையில் கிடந்து உறைந்துபோயிருக்கிறது. ஐந்து விரலையும் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கட்டில் இருந்தும் தரையில் படுத்தது ஆளுடைய தப்பு என்று கேம்ப் அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அது அப்படியே போனால் சோணைமுத்துவுக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காது. நொண்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

கணக்கில் தரை விட்டுப்போனது இன்னும் யாருக்கும் தெரியாது.

சொல்லிவிட வேண்டும். முதலில் அவரிடம். பிறகு அதிகாரியிடம். வேலை போனால் போகட்டும்.

எழுந்தான். அண்ணே, தப்பு என்னோடது. மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான்.

அவனைக் கண்டதும் சோணைமுத்து பதறிப்போய் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"சார், மன்னிச்சுக்கங்க சார். கட்டில்ல படுத்தா எனக்குத் தூக்கமே வராது. என் கிறுக்குத்தனத்தால உங்களுக்குல்ல கெட்ட பேரு."

அவன் வாயைத் திறந்தான்.

வெட்கமாக இருந்தது. கூடவே, சீ, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அவர் தோளில் கை வைத்தான்.

"பரவாயில்லண்ணே, விடுங்க."

சோணைமுத்து அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.