மேல் அடுக்கு

ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.

ஒவ்வொரு கணவாய் மீனையும் பெட்டியில் கிடத்தும்போது அவள் அந்தத் தொகையை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

மீன் ஏஜெண்ட் ரபேல் அவளுக்குப் பாக்கி வைத்த கூலி. மூன்று வருஷமாகக் கேட்டு நாக்கு தேய்ந்துவிட்டது. கேட்ட அன்றெல்லாம் ஒரே பதில்தான். "தாரேம்ட்டி. எவ்வளவுன்னுதான் மறந்து போச்சு. பாத்துத் தாரேன்."

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வள்ளங்கள் வந்து நின்றன. கொட்டகைக்குள் இரண்டு குவியல். ஒன்று நேற்றுப் பிடித்து ஐஸில் கிடந்தது. இன்னொன்று இப்போதுதான் இறங்கியது.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதே தவிட்டு நிறம். அதே வரி.

விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

புதுக் கணவாயைச் சுண்டினால் தொட்ட இடத்திலிருந்து நிறம் ஓடும். கறுக்கும். வெளுக்கும். மறுபடி கறுக்கும். உயிர் போன சேதி தோலுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோல.

எத்தனையோ தோலை உரித்து வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். கடுகு கடுகாகச் சாயப்பை. விரிந்தால் கறுப்பு, சுருங்கினால் வெள்ளை. அதை வைத்துத்தான் கணவாய் மணலில் மணலாகவும் பாசியில் பாசியாகவும் கிடக்கிறது. பயந்த பிராணி, அதுதான் நிறம் மாறி ஒளிகிறது என்பார்கள் கரையில்.

பயம் மட்டும் இல்லை.

இரைக்கும் அது அப்படித்தான் கிடக்கும். இறால் பக்கத்தில் வருகிறவரை மூச்சுக் காட்டாது.

அவளும் ஒரு மாதமாக அப்படித்தான் கிடந்தாள்.

"நேத்துள்ளது அடியில. இன்னைக்குள்ளது மேல. ஒனக்குச் சொல்லணுமா?" என்றான் ரபேல்.

சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷமாக அவள் கைதான் அதைச் செய்கிறது. லாரியோடு வந்து சரக்கு எடுக்கும் கம்பெனிக்காரர் மேல் அடுக்கை மட்டும் சுண்டிப் பார்ப்பார். அடியில் கை விடமாட்டார். அப்படி ஒரு நம்பிக்கை.

போகிற போக்கில் ரபேல் திரும்பினான். "என்ன கலெக்டரம்மா, பள்ளிக்கூடம்லாம் எப்படிப் போவுது?"

கோயில் வளாகத்தில் நடக்கும் சாயந்தர வகுப்புக்கு அவள் போவது கொட்டகைக்கே வேடிக்கை. நாலு பேர் சிரித்தார்கள்.

"பேரு எழுத வந்தாப் போதும், மொதலாளி."

வந்தது பேர் மட்டும் இல்லை.

போன மாதம் அவன் வெற்றிலை துப்ப வெளியே போன நேரம், அவனுடைய கூலிக் கணக்கு நோட்டு திறந்து கிடந்தது. அவளுடைய பெருவிரல் ரேகை நீலமாக இருந்தது. 'கைய வையிட்டி, நாளைக்குப் பணம் தாரேன்' என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் காட்டிய இடம். பக்கத்தில் தொகை. அதன் கீழே ஒரே ஒரு சொல். எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். கூட்டி முடிக்கவும் அவன் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

பெற்றுக்கொண்டேன்.

நாற்பத்தாறு வயதில் அவள் தானாகப் படித்த முதல் சொல்.

"என்னக்கா, பேச்சு மூச்சு இல்லாம அடுக்குதீய?" ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அமலி கேட்டாள்.

"எண்ணிக்கிட்டு இருக்கேன்."

ஒன்பது பெட்டி.

முதலில் இன்றைக்குப் பிடித்தது. அதன்மேல் ஐஸ். அதன்மேல் நேற்றுப் பிடித்தது.

ரபேல் குனிந்து பார்த்தான். தவிட்டு நிறம். வரி. தலையை ஆட்டிக்கொண்டான்.

கம்பெனிக்காரர் வந்ததும் அவனே பெட்டியை முன்னால் இழுத்துப் போட்டான். "சுண்டிப் பாருங்க சார். இப்பதான் உயிரே போச்சு."

அவர் சுண்டினார்.

ஓடவில்லை.

இன்னொன்றைச் சுண்டினார். அடுத்த பெட்டி. அதற்கும் அடுத்தது.

நிறம் நின்ற இடத்திலேயே நின்றது.

அவர் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். நிதானமாக, விரல் விரலாக. "இத்தன வருஷமும் இதத்தான் அடியில வச்சுத் தந்தியா, ரபேல்?" என்றார். லாரியைத் திருப்பச் சொல்லிவிட்டு நடந்தார்.

ரபேல் முகத்தில் நிறம் ஓடியது. கறுத்தது. வெளுத்தது. வெளுத்தபடியே நின்றது.

அவள் கையைப் பிடித்து ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப் போனான். சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் எடுத்தான். எண்ணிப் பிரித்தான்.

"எனக்குத் தெரியாம நீதான் பழசக் கலந்தேன்னு அவர்ட்ட போய்ச் சொல்லு. ஒன் பாக்கி முழுசும் தந்திருதேன். இந்தா, ஆறாயிரத்து முந்நூத்து நாப்பது."

ஒரு ரூபாய் பிசகவில்லை.

அவள் பணத்தைப் பார்த்தாள். வீட்டுக் கூரைக்குப் பத்துத் தகரம் வரும். இரண்டு மழைக்காலம் பாத்திரம் வைத்து ஒழுக்குப் பிடித்திருக்கிறாள். மூன்றாவது மழைக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை.

வெளியே லாரி உறுமியது.

"என்ன பாக்கி, மொதலாளி?" என்றாள். "பெற்றுக்கொண்டேன்னு நோட்டுல இருக்கே. என் ரேகையும் இருக்கே."



அவள் பெட்டிக்குத் திரும்பி வந்தாள். மேல் அடுக்கை விலக்கினாள். ஐஸை ஒதுக்கினாள். அடியில் கிடந்த ஒன்றைச் சுண்டினாள்.

ஓடியது.