ஓம் என்ற பிள்ளைகள்

அகதி முகாம் பள்ளிக்குக் காது பரிசோதிக்கும் மெஷின் வந்தது, கண்ணுகளா. அதன் திரையில் ஒரு டீச்சர் முகம் பேசியது: “கேக்குதா? கேட்டா ஆமான்னு சொல்லு.”

இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் ஆமாவுக்கு வீட்டில் சொல்வதுபோலவே “ஓம்” என்றார்கள். “சாமி கும்பிடறதை அப்புறம் வச்சுக்கோ” என்று கடிந்துவிட்டு, மெஷின் அத்தனை பேருக்கும் காது கேட்காது என்று முடிவு கட்டியது. நாலு வயதுக் காய்ச்சலில் காது போன சாருஜா மட்டும் திரையில் அசைந்த உதட்டைப் பார்த்து “ஆமா” என்றாள். அவள் மட்டும்தான் பாஸ்.

மற்றவர்களுக்குக் காது கேட்கும் கருவியும் முன்வரிசையும் கிடைத்தன. சாருஜாவுக்குக் கடைசி பெஞ்சு. அங்கிருந்து வகுப்பு டீச்சரின் வாய் தெரியாது.

அவள் அம்மா ஜெயராணி முகாம் அதிகாரியிடம் ஓடினாள். “தம்பி, இவளுக்குத்தான் காது கேளாது. மற்றதுகள் என்ர குசினியில மீன் பொரியிற சத்தம் கேட்டாலே ஓடி வருதுகள்!”

“மெஷின் சொன்னா சொன்னதுதாங்கக்கா.”

மறுநாள் பாடம் தொடங்கியதும் முன்வரிசைப் பிள்ளைகள் மொத்தமாகத் திரும்பி உட்கார்ந்து, டீச்சர் சொன்னதையெல்லாம் சாருஜாவுக்கு வாயசைத்துச் சொன்னார்கள். அவர்கள் டீச்சருக்கு முதுகு காட்டுவதை வகுப்பு மூலையிலிருந்து பார்த்த மெஷின், காது இன்னும் மோசமாகிவிட்டது என்று எல்லாக் கருவிகளிலும் சத்தத்தைக் கூட்டி வைத்தது.