கார்டா, ஸ்பீக்கரா

கம்ப்யூட்டர் கடைப் பையன் வினய் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"உங்க பட்ஜெட்ல ரெண்டுல ஒண்ணுதான் வரும் ஆண்ட்டி. இன்னா எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க."

அம்சவேணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆண்டர்சன்பேட்டைப் பாத்திரக்கடையில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் பேரம் பேசியவள்தான். அந்தச் சாமர்த்தியம் இங்கே செல்லவில்லை. ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் அவளுக்கு ஒன்றுதான்.

அதுவரை கம்ப்யூட்டருக்கு வேண்டிய எல்லாவற்றையும் மகள் மேகனாதான் தேர்ந்தெடுத்தாள். பெங்களூரில் பெரியப்பா வீட்டில் கார் ரேஸ் ஆடிப் பழகியவள். அலமாரியில் இருந்ததை விரலால் காட்டிக் காட்டி எடுத்தாள். விலை குறைந்த பிராசசர் போதும் என்று விட்டுக்கொடுத்தாள். மானிட்டரில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நடுவில் வினய் இரண்டு தடவை ஏதோ கேட்டான். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"பாப்பா பேசவே மாட்டாளா?"

"காய்ச்சல்ல கெடந்து எழுந்தவ தம்பி," என்றாள் அம்சவேணி.

சுடிதார் மேகனாவின் தோளில் ஹேங்கரில் தொங்குவதுபோலத் தொங்கியது.

கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். பொம்பளப் பிள்ளைக்கு அது எதுக்கு என்று அவள் அப்பா ராமலிங்கம் ஒவ்வொரு முறையும் வாயை அடைத்துவிடுவார். தங்க மைன் மூடியதிலிருந்து பாத்திர வியாபாரமும் படுத்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கூட்டி வந்த வாரம், அவரே பீரோவைத் திறந்து பணத்தை எடுத்து அம்சவேணியின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வினய் சின்னப் பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

"இது 3டி கார்டு. இது இல்லாம ரேஸ் ஆடினா படம் விட்டு விட்டுத்தான் ஓடும். அது ஸ்பீக்கர் செட்டு, பேஸ் சவுண்டுக்குத் தனிப் பெட்டி. கேமுக்கு கார்டுதான் ஆண்ட்டி முக்கியம். ஸ்பீக்கரை அப்புறமா வாங்கிக்கினா போச்சு."

அம்சவேணி சட்டென்று சின்னப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மேகனா பார்த்தாள். அம்மாவின் கையிலிருந்து அதை வாங்கி, வினய் பக்கம் தள்ளினாள். பெரிய பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அது வேணாம். இது."

அந்தச் சின்னக் கடைக்கு அவள் குரல் ரொம்பப் பெரிதாக இருந்தது. வெளியே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

வினய் அம்சவேணியிடம் திரும்பினான். "கேமுக்குன்னு வாங்கிக்கினு கார்டை விட்டா எப்படி? நீங்க எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்லலாம். ஒரு வரிதான். இத்தனை நாளாக வீட்டிலேயே சொல்ல முடியாத அந்த ஒரு வரியை, இங்கே, இந்தப் பையன் எதிரில் சொல்ல வேண்டும்.

மேகனா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்சவேணி பெரிய பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

வினய் உதட்டைப் பிதுக்கினான். பெட்டியைப் பிரித்து, ஸ்பீக்கர்களைக் கடைக் கம்ப்யூட்டரில் சொருகி, ஒரு பாட்டைப் போட்டான். வால்யூம் குமிழை முழுக்கத் திருகினான்.

கண்ணாடி மேசை அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ரோட்டில் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை வீரிட்டு அழுதது.

மேகனா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூலையில் தொங்கிய ஜாய்ஸ்டிக் ஒன்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் திரும்பவில்லை.

வினய் அப்போதுதான் கவனித்தான். மெதுவாகச் சத்தத்தைக் குறைத்தான். அம்சவேணியைப் பார்த்தான். அவள் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. நரம்பே போய்விட்டது, இனி எந்த மருந்துக்கும் வராது என்று வேலூர் டாக்டர் தம்பதியைத் தனியே அழைத்துச் சொன்னார். திரும்பி வரும்போது மாரிகுப்பம் ரயிலில், "எனக்கு எப்பம்மா கேக்கும்?" என்று பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி மேகனா கேட்டாள். ராமலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்சவேணிதான் மகளின் உள்ளங்கையைப் பிரித்து, விரலால் எழுதினாள்.

சீக்கிரம்.

மேகனா ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு வந்தாள். ஸ்பீக்கரில் எரிந்த சின்னப் பச்சை விளக்கைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"போட்டுப் பாத்தீங்களா? சவுண்டு நல்லாருக்காம்மா?"

அம்சவேணி தலையாட்டினாள்.

"எனக்குக் காது வந்தப்புறம் கேட்டா அப்பா இவ்ளோ பெருசு வாங்கித் தர மாட்டாரு. அதான் இப்பவே."

வினய் பாட்டை நிறுத்தினான். சின்னப் பெட்டியை ஒரு தடவை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"ஆண்ட்டி, வேணும்னா..."

"ஸ்பீக்கரையே கட்டு தம்பி," என்றாள் அம்சவேணி.